டாரட் சீட்டுக்கட்டு சேகரிப்பவர்கள் செலவைச் சமாளிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குறி பார்ப்பதற்காக மட்டுமல்லாமல், ஓவியத்துக்காகவும் அச்சின் அழகுக்காகவும் டாரட் கட்டுகளைச் சேர்ப்பவர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிறைய உண்டு. அவர்களில் பெரும்பாலோர் மாதச் சம்பளத்தில் வாழ்பவர்கள். வீட்டு வாடகையும் கரண்டு பில்லும் கட்டியபின் மிஞ்சும் தொகையில்தான் இந்த ஆசை நிறைவேற வேண்டும். அவர்கள் கையாளும் வழிகளும், அவற்றில் எவை நியாயமானவை என்று நான் நினைக்கிறேன் என்பதும் கீழே இருக்கின்றன. விலைகள் எல்லாம் தோராயமானவை.

ஒரு கட்டு என்ன விலை?

மூன்று தரம் என்று வைத்துக்கொள்ளலாம். பெரிய பதிப்பகங்கள் தொடர்ந்து அச்சிடும் கட்டுகள் இருபது, இருபத்தைந்து டாலருக்குக் கிடைக்கின்றன. 1909-ல் லண்டனில் வெளிவந்த ரைடர்–வெயிட் கட்டின் இன்றைய சாதாரணப் பதிப்பு இந்த வகை. ஓவியர்களே சொந்தமாக அச்சிட்டு விற்கும் கட்டுகள் பெரும்பாலும் நாற்பத்தைந்து டாலரில் தொடங்கி எழுபது வரை போகும். அச்சில் இல்லாமல் போன கட்டுகளுக்கு வரம்பே கிடையாது.

இரண்டாவது வகையின் விலையைப் பார்த்து மலைப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். ஒரு முழுக் கட்டில் 78 சீட்டுகள். அதாவது 78 ஓவியங்கள், பின்புறத்துக்கு ஒன்று, பெட்டி, கையேடு. பெரிய பதிப்பகம் பல ஆயிரம் படிகள் அடிப்பதால் ஒரு படிக்கான அச்சுக்கூலி இறங்கிவிடுகிறது. தனி ஓவியர் சில நூறு படிகள்தான் அடிக்க முடியும். விலையில் பெரும்பகுதி அச்சகத்துக்கும் தபாலுக்கும் போய்விட, இரண்டு மூன்று வருட உழைப்புக்கு அவர் கையில் நிற்பது கொஞ்சம்தான்.

இது பணக்காரர்களின் பொழுதுபோக்குதானே?

தொடக்கத்திலிருந்தே இரண்டு தரப்பும் இருந்திருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் மிலானை ஆண்ட பிலிப்போ மரியா விஸ்கோந்தி, டாரட்டின் முன்னோடி என்று கருதப்படும் ஒரு கட்டை வரைவிப்பதற்கு 1,500 பொற்காசுகள் கொடுத்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர் குறித்திருக்கிறார். ஆனால் 1442-ல் இத்தாலியின் பெராரா நகர அரண்மனைக் கணக்கில் வேறொரு வரவுசெலவு இருக்கிறது. அரச குடும்பத்துச் சிறுவர்கள் இருவர் விளையாட ஒரு கட்டு, பொலோன்யாவைச் சேர்ந்த வணிகரிடம் வாங்கியது, பன்னிரண்டு சோல்தி மூன்று தெனாரி. அது சில்லறைக் காசு. கடையில் ஆயத்தமாக விற்கும் மலிவுக் கட்டு அப்போதே இருந்தது என்பதுதான் இதன் பொருள். தங்க இலை ஒட்டிய கட்டும் சந்தைக் கட்டும் அருகருகே வாழ்ந்தன. இன்றைய சேகரிப்பாளர் இந்த இரண்டாவது மரபின் வாரிசு. அதில் குறைவு ஒன்றும் இல்லை.

மாதம் எவ்வளவு ஒதுக்குகிறார்கள்?

தொகை அவரவர் நிலையைப் பொறுத்தது. முறை மட்டும் ஒன்றுதான்: மாதத் தொடக்கத்திலேயே ஒரு தொகையைத் தனியாக எடுத்து வைப்பது, செலவழியாவிட்டால் அடுத்த மாதத்துக்குச் சேர்ப்பது. மாதம் இருபது டாலர் வைப்பவர் மூன்று மாதம் பொறுத்தால் ஓவியர் வெளியிட்ட ஒரு நல்ல கட்டை வாங்கலாம். தபால் செலவையும் வரியையும் இந்தத் தொகைக்குள்ளேயே அடக்க வேண்டும். பலருடைய கணக்கு தவறுவது இங்கேதான். கட்டின் விலையை மட்டும் எழுதிவைத்து, தபாலை வீட்டுச் செலவில் கரைத்துவிடுகிறார்கள்.

இன்னொரு பழக்கம் காத்திருப்புப் பட்டியல். பிடித்த கட்டின் பெயரையும் தேதியையும் எழுதி வைத்து, ஒரு மாதம் தொடாமல் விடுவது. அந்த மாதத்தில் 78 சீட்டுகளின் படங்களையும் தேடிப் பார்த்துவிட வேண்டும். கடைக்காரர்கள் காட்டுவது எப்போதும் அழகான ஏழெட்டுச் சீட்டுகளைத்தான். மிச்சமுள்ளவற்றில், குறிப்பாக எண் சீட்டுகளில், ஓவியர் சோர்ந்துபோயிருப்பது அப்போதுதான் தெரியும். பட்டியலில் பாதி இந்தச் சோதனையிலேயே உதிர்ந்துவிடும்.

சிலர் ஒன்று வந்தால் ஒன்று போக வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். அலமாரியில் இடமில்லாதவர்களுக்கு அது நல்லது. மற்றவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. புதியதை வாங்கும் சாக்குக்காக நல்ல கட்டை அவசரமாக விற்க வைத்துவிடும்.

கடன் அட்டையிலோ தவணையிலோ வாங்கலாமா?

வேண்டாம். மறுபதிப்பு வரும், வேறு ஒருவர் விற்பார், இன்னும் அழகானது ஒன்று வெளிவரும். வட்டி கட்டி வாங்கவேண்டிய அவசரம் எந்தக் கட்டுக்கும் கிடையாது.

கிக்ஸ்டார்ட்டரில் முன்பணம் கட்டுவது லாபமா?

பெரும்பாலும் கொஞ்சம் லாபம், எப்போதும் கொஞ்சம் ஆபத்து. 2009-ல் தொடங்கிய இந்தத் தளத்தில் ஓவியர் ஓர் இலக்குத் தொகையை அறிவிப்பார். குறித்த நாளுக்குள் அது சேர்ந்தால்தான் ஆதரவாளர்களிடமிருந்து பணம் பிடிக்கப்படும், சேராவிட்டால் யாருக்கும் செலவில்லை. முதல் நாட்களில் சேர்பவர்களுக்கு விலை குறைவாக இருக்கும். பின்னால் கடை விலைக்கும் இதற்கும் பத்துப் பதினைந்து டாலர் வித்தியாசம் சாதாரணம்.

ஆனால் இது கடை அல்ல. பணம் போன பிறகு கட்டு கைக்கு வர ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம். தபால் கட்டணத்தை அனுப்பும் சமயத்தில் தனியாகக் கேட்பவர்கள் உண்டு. அப்போது அது உயர்ந்திருக்கும். வராமலே போவதும் நடந்திருக்கிறது. 2012-ல் ஒரு சாதாரண விளையாட்டுச் சீட்டுக்கட்டுக்காக 810 பேர் 25,146 டாலர் கொடுத்தார்கள், சீட்டு வரவில்லை. 2014-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில அரசுத் தலைமை வழக்கறிஞர் வழக்குத் தொடர்ந்து, அடுத்த ஆண்டு தீர்ப்பும் பெற்றார். அப்படி அரசே இறங்கி வருவது மிக அரிது. ஆகவே பணம் கட்டுமுன் மூன்றைப் பார்க்க வேண்டும். ஓவியங்கள் எல்லாம் முடிந்துவிட்டனவா? அவர் இதற்குமுன் ஏதாவது அச்சிட்டு அனுப்பியிருக்கிறாரா? அச்சக மாதிரி கையில் இருக்கிறதா? இருபது ஓவியங்களை மட்டும் காட்டி மிச்சத்தை வரையப் பணம் கேட்பவருக்கு, அவருடைய கலையை வளர்க்கும் மனத்தோடு கொடுப்பதானால் கொடுக்கலாம். சேகரிப்புக் கணக்கில் அதைச் சேர்க்கக் கூடாது.

ஒரே ஊரில் மூன்று நான்கு பேர் இருந்தால், பல படிகள் சேர்ந்த தொகுப்பை ஒருவர் பெயரில் வரவழைத்துத் தபால் செலவைப் பங்கிட்டுக்கொள்வது நல்ல வழி.

அச்சில் இல்லாத கட்டு ஒன்றின் மீது ஆசை. விலையோ நூற்றுக்கணக்கான டாலர். என்ன செய்வது?

அந்தக் கட்டில் எது பிடித்தது என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். 1996-ல் வெளிவந்த கிரீன்வுட் டாரட் இதற்கு நல்ல உதாரணம். மார்க் ரையனும் செஸ்கா பாட்டரும் சேர்ந்து செய்தது. பிரிட்டனின் கற்காலக் காடுகளும் விலங்குகளும் நிறைந்தது. மறுபதிப்பு வராததால் விலை ஏறிக்கொண்டே போனது. 2011-ல் அதே ரையன், ஜான் மேத்யூஸோடு சேர்ந்து, வில் வொர்த்திங்டனின் ஓவியங்களோடு வைல்ட்வுட் டாரட்டைக் கொண்டுவந்தார். ஆண்டின் பருவங்களைச் சுற்றிவரும் அதே காட்டு அமைப்பு, வேறு கை. சாதாரணக் கடை விலை. கிரீன்வுட்டின் சிந்தனையை விரும்பியவர்களுக்கு இது போதும். பாட்டரின் அந்தக் கரடுமுரடான, கனவு போன்ற கோடுகளையே விரும்பியவர்களுக்கு வைல்ட்வுட் ஈடாகாது. அவர்கள் காத்திருந்து, பெட்டி கிழிந்த படியையோ கையேடு இல்லாத படியையோ தேடுவதே வழி. சீட்டுகள் முழுமையாக இருந்து பெட்டி மட்டும் போயிருந்தால் விலை கணிசமாக இறங்கும்.

மறுபதிப்பு வரும் வாய்ப்பையும் எடைபோட வேண்டும். ஓவியர் சுறுசுறுப்பாக இயங்கிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் வரும். கிம் கிரான்ஸ் 2012-ல் தானே வெளியிட்ட ‘வைல்ட் அன்னோன்’ கட்டைச் சில ஆண்டுகளில் ஒரு பெரிய பதிப்பகமே எடுத்துக்கொண்டது. இன்று எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்கிறது. ஓவியர் துறையை விட்டு விலகியிருந்தாலோ, உரிமை இரண்டு மூன்று பேரிடம் சிக்கியிருந்தாலோ நம்பிக்கை குறைவு.

வாங்கி வைத்தால் பின்னால் விலை ஏறும் அல்லவா? முதலீடாகக் கருதலாமா?

கருதக் கூடாது. விலை ஏறிய கட்டுகளைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். ஏறாதவை நூறு மடங்கு. எண் போட்டு, ஓரத்தில் பொன் பூசி, வரையறுத்த பதிப்பு என்று வந்தவற்றில்கூட ஏராளமானவை வாங்கிய விலைக்கே போவதில்லை. தவிர, விலை ஏறும் என்று வாங்கியவர் உறையைப் பிரிக்க மாட்டார். பார்க்கப்படாத ஓவியத்தை அலமாரியில் அடுக்குவதற்கு எதற்காக இவ்வளவு பாடு?

விற்றும் மாற்றிக்கொண்டும் செலவை ஈடுகட்ட முடியுமா?

முடியும். நீண்டகாலம் இதில் இருப்பவர்கள் பலர் உண்மையில் இப்படித்தான் தாக்குப்பிடிக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை அலமாரியை இறக்கி, கை படாத கட்டுகளை ஒதுக்கி விற்கிறார்கள். வந்த தொகை அடுத்த ஆண்டின் ஒதுக்கீட்டில் சேர்கிறது. நல்ல நிலையிலுள்ள, அச்சில் இருக்கும் கட்டுக்குக் கடை விலையில் பாதியோ சற்று மேலோ எதிர்பார்க்கலாம்.

இதற்கு முன்யோசனை தேவை. பெட்டி, கையேடு, கூடுதல் சீட்டுகள் எதையும் எறியக் கூடாது. சீட்டின் வெள்ளை ஓரத்தைக் கத்தரித்தால் படம் அழகாகத் தெரியும், ஆனால் வாங்க ஆள் குறைந்துவிடும். புகை பிடிக்கும் வீடா, நாய் பூனை இருக்கிறதா என்பதைக்கூட வாங்குபவர்கள் கேட்பார்கள். உண்மையைச் சொல்லிவிடுவதே நல்லது. விற்குமுன் 78 சீட்டையும் வரிசையாக எண்ணிப் படமெடுக்க வேண்டும்.

பண்டமாற்றில் பணமே புழங்காது, தபால் மட்டும்தான். இருவரும் சீட்டின் ஓரங்கள் தெரியும்படி படம் அனுப்பி, ஒரே நாளில், கண்காணிப்பு எண்ணோடு அனுப்புவது வழக்கம். முன்பின் தெரியாதவரானால், புதியவர் முதலில் அனுப்ப, அனுபவசாலி பிறகு அனுப்புவார். இணையப் பணச்சேவையான பேபாலில் ‘நண்பர்களுக்கு’ என்ற முறையில் பணம் அனுப்பச் சொல்பவரிடம் வாங்கக் கூடாது. அந்த முறையில் வாங்குபவருக்குப் பாதுகாப்பு இல்லை.

ஓவியர்களே விற்கும் சிறு குறையுள்ள படிகளையும் இங்கே சொல்ல வேண்டும். கப்பலில் பெட்டியின் மூலை நசுங்கியவை, பொன் ஓரத்தில் கீறல் விழுந்தவை ஆண்டுக்கொரு முறை தள்ளுபடியில் வரும். சீட்டுகள் பெரும்பாலும் பழுதில்லாதவை. எனக்குத் தெரிந்து செலவைக் குறைப்பதில் இதைவிடச் சிறந்த வழி இல்லை: வாங்குபவருக்கும் மிச்சம், பணமும் ஓவியர் கைக்கே போகிறது.

அதே கட்டு இணையத்தில் எட்டு டாலருக்கு விற்கிறதே, அதை வாங்கினால் என்ன?

அது திருட்டுப் படி. ஐம்பது டாலர் கட்டை எட்டு டாலருக்கு நேர்மையாக யாரும் அச்சிட்டு விற்க முடியாது. அடையாளங்கள் தெளிவானவை: அசலைவிடச் சற்றுச் சிறிய சீட்டு, மங்கலான அச்சு, மெல்லிய பெட்டி, கையேட்டுக்குப் பதிலாகப் பெட்டியில் ஒரு கியூஆர் குறியீடு.

இந்தக் கேள்விக்கு நான் விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இன்றைய டாரட் உலகமே ஓர் ஓவியருக்குச் சரியாகக் கூலி கொடுக்காததன் மேல் எழுந்தது. ரைடர்–வெயிட் கட்டை வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். மறைஞான எழுத்தாளர் ஆர்தர் எட்வர்ட் வெயிட் கேட்டுக்கொண்டதற்கிணங்க 1909-ல் சில மாதங்களுக்குள் எல்லாச் சீட்டுகளையும் வரைந்து முடித்தார். எண் சீட்டுகளிலும் மனிதர்களையும் காட்சிகளையும் வைத்தது அவருடைய சாதனை. அதற்கு முன் பெரும்பாலான கட்டுகளில் ஐந்து கோப்பை என்றால் வெறும் ஐந்து கோப்பைதான். இன்று விற்கும் கட்டுகளில் பெரும்பாலானவை அவர் அமைத்த காட்சிகளையே வேறு உடையில் திரும்ப வரைகின்றன. அந்த ஆண்டு நவம்பரில், நியூயார்க்கில் ஓவியக்கூடம் நடத்திய புகைப்படக் கலைஞர் ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸுக்கு எழுதிய கடிதத்தில், பெரிய வேலை ஒன்றை மிகக் குறைந்த பணத்துக்கு முடித்துக் கொடுத்ததாகச் சொல்கிறார். விற்பனையில் அவருக்குப் பங்கு கிடைக்கவில்லை. 1951-ல் இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரை ஊரான பியூடில் கடனோடு இறந்தார். உடைமைகள் கடனை அடைக்க விற்கப்பட்டன. பல பத்தாண்டுகள் கட்டின் பெயரில் பதிப்பாளர் ரைடரும் வெயிட்டும் இருந்தார்கள், அவர் இல்லை. சீட்டுகளின் கீழ் மூலையில் அவர் இட்ட சிறு முத்திரை மட்டும் இருந்தது.

செலவைக் குறைக்க எத்தனையோ வழிகள் உண்டு. உயிரோடிருக்கும் ஓர் ஓவியரின் கூலியிலிருந்து அதை எடுக்கக் கூடாது. வாங்க முடியாவிட்டால் அவருடைய அச்சுப்படம் ஒன்றை வாங்கலாம், முதன்மைப் படச் சீட்டுகள் 22 மட்டும் கொண்ட மேஜர் அர்க்கானா பதிப்பு இருந்தால் அதை வாங்கலாம், கைபேசிச் செயலியாகச் சில டாலருக்குக் கிடைத்தால் அதில் பார்க்கலாம். பொறுத்திருந்து, பிறர் விற்கும் பழைய கட்டை வாங்குவதும் நியாயமானதே. அதற்கு ஓவியர் ஏற்கெனவே கூலி பெற்றுவிட்டார்.

அப்படியானால் பமீலாவின் படங்களை நானே அச்சிட்டுக்கொள்ளலாமா?

1909-ன் அசல் படங்களை அச்சிடலாம். அமெரிக்காவில் அவற்றின் பதிப்புரிமை எப்போதோ முடிந்தது. ஓவியர் இறந்து 70 ஆண்டுகள் என்ற கணக்குப்படி பிரிட்டனில் 2021 இறுதியோடு முடிந்தது. இந்தியாவில் 60 ஆண்டுகள் என்பதால் இன்னும் முன்பே. பின்னாளில் பதிப்பகங்கள் புதிதாக வண்ணம் தீட்டிய பதிப்புகளுக்கு இதே கணக்கைப் பொருத்தக் கூடாது. ஒரே ஒரு படி மட்டும் அச்சிட்டுத்தரும் அச்சகங்கள் இருக்கின்றன. ஆனால் கூலியும் தபாலும் சேர்ந்தால் கடையில் வாங்குவதைவிட அதிகமாகிவிடலாம். பழைய மங்கிய வண்ணத்தில் வேண்டும் என்றால், யு.எஸ். கேம்ஸ் பதிப்பகம் வெளியிட்டிருக்கும் ஸ்மித்–வெயிட் நூற்றாண்டுப் பதிப்பு மலிவானது, அழகானது. அதில் ஸ்மித் பெயர் முதலில் நிற்பது எனக்கு மனநிறைவைத் தருகிறது.

அருங்காட்சியகக் கட்டுகளை விலையின்றிப் பார்க்க முடியுமா?

தாராளமாக. பதினைந்தாம் நூற்றாண்டில் மிலானில் வரைந்த விஸ்கோந்தி–ஸ்போர்ஸா கட்டில் எஞ்சியிருப்பவை 74 சீட்டுகள்: நியூயார்க் மார்கன் நூலகத்தில் 35, பெர்கமோவின் கராரா கலைக்கூடத்தில் 26, கொல்லியோனி குடும்பத்தாரிடம் 13. யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கி நூலகம் தன்னிடமுள்ள வேறொரு விஸ்கோந்தி கட்டின் 67 சீட்டுகளின் படங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிகா தளத்தில் பதினேழாம் நூற்றாண்டு பாரிஸ் கட்டுகளைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். எண் சீட்டுகளிலும் உருவங்கள் கொண்ட சோலா புஸ்கா கட்டை 2009-ல் இத்தாலிய அரசு வாங்கியது. அது மிலானின் பிரேரா ஓவியக்கூடத்தில் இருக்கிறது. மார்செய் எனப்படும் பழைய பிரெஞ்சு பாணிக் கட்டுகளில் ஆசை உள்ளவர்கள், வாங்குமுன் இவற்றில் ஒரு மாதம் செலவிட்டால் எந்த மறுபதிப்பு அசலுக்கு நெருக்கமானது என்று கண்ணே சொல்லிவிடும்.

சுங்கவரி எவ்வளவு சேரும்?

நாட்டுக்கு நாடு வேறு, அதுவும் அண்மையில் கூடியிருக்கிறது. குறைந்த மதிப்புள்ள பொதிக்கு இருந்த மதிப்புக்கூட்டு வரிவிலக்கைப் பிரிட்டன் 2021 ஜனவரியிலும் ஐரோப்பிய ஒன்றியம் அதே ஆண்டு ஜூலையிலும் நீக்கின. அமெரிக்கா 800 டாலர் வரை கொடுத்துவந்த சுங்க விலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்திவைத்தது. இந்தியாவுக்கு வரவழைப்பவர்களும் வரியை எதிர்பார்த்தே கணக்குப் போட வேண்டும். பெட்டியில் ‘அன்பளிப்பு’ என்று எழுதச் சொல்லி ஓவியரை வற்புறுத்துவது அவரை வம்பில் மாட்டிவிடும். உள்நாட்டில் இருப்பு வைத்திருக்கும் விற்பனையாளரிடம் சற்று அதிக விலை கொடுத்தாலும் மொத்தத்தில் பெரும்பாலும் மலிவு.

முதல் கட்டு பரிசாகத்தான் வர வேண்டும் என்கிறார்களே?

அந்த நம்பிக்கைக்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை. நீங்களே வாங்குங்கள்.

பத்து யூரோவுக்குள் நல்ல கட்டு ஏதாவது உண்டா?

உண்டு, ஆனால் குறி பார்க்கும் கட்டுகளின் பக்கத்தில் தேடக் கூடாது. விளையாடும் கட்டுகளின் பக்கம் வர வேண்டும். டாரட் பிறந்தது சீட்டாட்டமாக. மறைஞான விளக்கங்கள் 1781-ல் கூர் த ஜெபலான் என்ற பிரெஞ்சுக்காரர் அது எகிப்திய ஞானம் என்று எழுதிய பிறகு பரவியவை. ஆட்டம் இன்னும் சாகவில்லை. பிரான்சில் நால்வர் உட்கார்ந்து ஆடும் டாரட்டுக்கான 78 சீட்டுக் கட்டு கடைத்தெருவில் சில யூரோவுக்குக் கிடைக்கிறது. துருப்புச் சீட்டுகளில் பழைய காலத்து நகர, கிராமக் காட்சிகள். ஆஸ்திரியாவில் 54 சீட்டுகளில் தாரோக் ஆடுகிறார்கள். வியன்னாவின் பியாட்னிக் நிறுவனம் அச்சிடுகிறது. இத்தாலியில் பியெமோந்தே, பொலோன்யா, சிசிலி மூன்றுக்கும் மூன்று விதமான கட்டு. பொலோன்யாவில் 62 சீட்டுதான், சிசிலியில் 63 அல்லது 64. உருவங்களும் வெவ்வேறு, பொலோன்யாவில் பேரரசர், போப்பாண்டவர் சீட்டுகளின் இடத்தில் நான்கு மூர்கள் (வட ஆப்பிரிக்க முஸ்லிம்கள்) நிற்கிறார்கள். 1725-ல் போப்பின் பிரதிநிதி எதிர்ப்புத் தெரிவித்ததால் நடந்த மாற்றம் அது; முந்நூறு ஆண்டுகளாக ஆட்டக்காரர்கள் அப்படியே வைத்திருக்கிறார்கள். இந்தக் கட்டுகளை மோதியானோ போன்ற இத்தாலிய நிறுவனங்கள் இன்றும் அடிக்கின்றன. விலை பத்து யூரோவை ஒட்டித்தான். மூன்றையும் ஒரே கடையில், ஒரே தபாலில் வரவழைத்தால் ஓர் ஓவியர் கட்டின் விலைக்குள் வட்டார மரபு மூன்று உங்கள் அலமாரிக்கு வந்துவிடும்.